ரிமோட்டில் அணைத்தால் நின்றுவிடுமா?

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு. தொழிலாளி அறையைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறார். டெலிவிஷனை ரிமோட்டால் அணைத்தாயிற்று. ஆனால் அதன் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறது. பக்கத்தில் கேபிள் பெட்டியிலும் ஒரு புள்ளி. அந்தப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்!

அந்தச் சூடு மீட்டரில் இருந்து வந்த சூடு.

ரிமோட்டில் அணைத்த கருவி உறங்குகிறது. மறுபடி எப்போது அழைப்பார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உறங்குகிறது. இதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். 'ஆப்' என்பது வேறு. கருவியில் உள்ள பொத்தானையே அழுத்தி நிறுத்திவிட்டோம். பிளக் மட்டும் சுவரில் இருக்கிறது. ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் எழும்பாது. அதுதான் ஆப். அப்போதும் சில கருவிகள் சிறிது மின்சாரம் இழுக்கும்.

12 யூனிட் போச்சு

ஒரு பெட்டி உறங்கும்போது 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 20 மணி நேரம் உறங்குகிறது. 200 வாட் மணி ஆயிற்று. 60 நாளில் 12,000. ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட். ஆக 12 யூனிட்! யாரும் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. அரை வாட் இழுக்கும் கருவியானால் ஒரு யூனிட்கூட ஆகாது.

ஐரோப்பாவில் கட்டுப்பாடு

இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் விதி செய்தது. ஆப் நிலையில் 1 வாட்டுக்கு மேல் கூடாது என்று 2010-ல் அமலாயிற்று. 2013-ல் அது அரை வாட் ஆயிற்று. 2025 மே 9-ல் புது விதி வந்தது. அதன்படி, மணி காட்டிக்கொண்டே உறங்கும் கருவிக்கு 0.8 வாட். ஆப் நிலைக்கு 2027 மே 9 முதல் 0.3 வாட். இணையத்தோடு பேசிக்கொண்டே உறங்கும் கருவிகளுக்குத் தனி அளவு.

இது வீட்டுக் கருவிக்கும் ஆபீஸ் கருவிக்கும் உள்ள விதி. தொழிற்சாலை லேத்துக்குப் பொருந்தாது. வாங்குபவரை இது பிடிக்காது. செய்து விற்பவரைத்தான் பிடிக்கும். ஓசூரில் செய்த கருவியானாலும் ஐரோப்பாவில் விற்றால் கட்டுப்பட வேண்டும்.

நம் நாட்டில் 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2006-ல் ஸ்டார் முத்திரை வந்தது. ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கரண்டு பில் மாறும், கன்னடத்தில் வரும். ஸ்டார் மாறாது. அது மத்திய சர்க்கார் முத்திரை.

2016-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள். ஆனால் வாடகை அறையில் இருப்பவர் நிலை வேறு. பல இடங்களில் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். இவருக்குத்தான் அந்த 12 யூனிட் கனக்கும்.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்சு இருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான வீடுகளில் அது கிடையாது. ஷிப்டுக்குப் போகுமுன் அந்தச் சுவிட்சைத் தட்டுங்கள். சிவப்புப் புள்ளி அணையும். கம்ப்யூட்டரை மட்டும் முறைப்படி நிறுத்திய பிறகு தட்டுங்கள். ஃபிரிட்ஜைத் தொடாதீர்கள், பால் கெட்டுவிடும்!