விற்காமல் விட்ட மனைகள்

கொச்சியின் பள்ளுருத்தியில் வீடு பார்க்கப் போகும் அனுபவமுள்ள தரகர், வாசலைப் பார்ப்பதற்கு முன் மதிலின் அடிப்பாகத்தைப் பார்ப்பார். முழங்கால் உயரம் வரை பூச்சு உதிர்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், காயல் நீர் அங்கே வந்து நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். கார்த்திகையை ஒட்டிய மாதங்களில் கடல் ஓதம் உயரும். கொச்சிக்காரர்கள் அதை விருச்சிக வேலியேற்றம் என்பார்கள். மழை ஒரு துளி இல்லாத நாளிலும் கால்வாய் வழியாக உப்புநீர் முற்றத்துக்குள் வந்துவிடும். கோடையில் வீடு பார்க்க வருகிறவருக்கு இது தெரிய வழியில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் சுத்தமாகத் தெரியாது.

தெரிந்தவர் தரகர் ஒருவர்தான். அதைச் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் அந்தத் தொழிலின் நிம்மதியும் நிம்மதியின்மையும் இருக்கின்றன.

மனைத் தரகு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கமிஷன். விற்பனை என்றால் வழக்கத்தில் விலையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம், வாடகை என்றால் ஒரு மாத வாடகை. நல்ல மாதத்தில் கை நிறையும். அடுத்து நான்கு மாதம் ஒன்றுமே முடியாது. வருமானம் மட்டும் நோக்கமென்றால் இத்தனை நிச்சயமற்ற தொழிலில் ஒருவர் முப்பது ஆண்டுகள் தங்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் தங்கியவர்கள் இருக்கிறார்கள். பணத்தைத் தாண்டி அவர்களைப் பிடித்து வைத்திருப்பது என்ன என்று கேட்டால், பதில் அந்தந்த ஊரின் மண்ணில் கிடக்கிறது. பள்ளுருத்தி மண்ணில் அது நிறையவே கிடக்கிறது.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, தோப்பும்படியைக் கடந்தால் வருவது பள்ளுருத்தி. 1967இல் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் ஒன்று. 1916இல் ஸ்ரீநாராயண குரு பிரதிஷ்டை செய்த பவானீஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. மலையாளத் திரையிசையில் தனி இடம் பிடித்த எம்.கே. அர்ஜுனன் மாஸ்டர் 2020இல் மறையும் வரை வாழ்ந்ததும் இங்கேதான். வீடுகள் நெருக்கமாக இருக்கும், சந்துகள் குறுகலாக இருக்கும். மூன்று சென்ட், நான்கு சென்ட் என்றுதான் இங்கே பேச்சே நடக்கும். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி.

மனைகள் இவ்வளவு சிறுத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1913இல் புலையர் சமூகத்தவர் கூட்டம் நடத்த நினைத்தபோது கொச்சியில் அவர்களுக்குக் கால் வைக்க நிலம் தருவார் இல்லை. சமூகச் சீர்திருத்தவாதி பண்டிட் கறுப்பன் முன்னிற்க, காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று கட்டி, அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள். பள்ளுருத்தி அழகியகாவு கோயிலில் தனு மாதக் கடைசி வியாழக்கிழமை கூடும் புலவாணிபம் சந்தை, அந்த மக்கள் கோயில் வளாகத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தின் நினைவை இன்றும் சுமக்கிறது. பிறகு 1963இன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டமும் 1970இல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் நிலைமையை மாற்றின. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்கள் தாம் இருந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றார்கள். மாநகரத்தில் 3 சென்ட், பஞ்சாயத்தில் 10 சென்ட் வரை. கேரளம் முழுக்கப் பல லட்சம் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காத ஒன்று அன்று கிடைத்தது.

எனவே இத்தகைய ஊரில் மூன்று சென்ட் விற்பனைக்கு வருகிறது என்றால், சில வீடுகளில் அது பாட்டன் வாங்கிய உரிமை விற்பனைக்கு வருவதாகும். ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கு, ஒருவர் வளைகுடாவில், ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார், நில தீர்ப்பாயம் கொடுத்த பழைய சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். தரகர் இந்த வீட்டுக்குள் போகும்போது வியாபாரத்துக்கு மட்டும் போவதில்லை. அண்ணன் தம்பியை ஒரே திண்ணையில் உட்கார வைத்து, சகோதரியின் பங்கை முதலில் பேசி முடித்து, அம்மா இருக்கும் வரை எங்கே இருப்பார் என்பதையும் கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வருவார், அவர் நல்ல தரகராக இருந்தால். இந்த வேலைக்குத் தனிக் கமிஷன் கிடையாது. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பல ஆண்டு கழித்தும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

உப்புக்கு அடுத்தது காகிதம்.

கேரள வருவாய்ப் பதிவேட்டில் ஒரு மனை ‘நிலம்’ என்று இருந்தால் அது வயல் அல்லது ஈரநிலம்; வீடு கட்டத் தகுந்த மேட்டு மனை ‘புரையிடம்’. 2008இல் வந்த நெல்வயல் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயல்களைப் பட்டியலிட்டு ஒரு டேட்டா பேங்க் வைத்தது. சட்டத்தின் நோக்கம் நல்லது. எடக்கொச்சி, கும்பளங்கி, செல்லானம் பக்கங்களில் மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும் அறுவடைக்குப் பின் இறாலும் விளையும் உப்புவயல்கள் மிச்சமிருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மண் நிரவி வீடு கட்டிய இடங்களும் பதிவேட்டில் நிலமாகவே கிடந்தன. டேட்டா பேங்கிலிருந்து நீக்கப் படிவம் 5, அதில் இல்லாத நிலத்தின் வகையை மாற்றப் படிவம் 6 என்று கோட்ட வருவாய் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். மேற்குக் கொச்சிக்கான அலுவலகம் ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறது; மனுக்கள் மலையாகக் குவிந்து பலமுறை செய்தியான இடம் அது. 2022இல் எறணாகுளம் மாவட்டக் கடலோரத்து மீனவர் ஒருவர், தன் நான்கு சென்ட்டின் வகையை மாற்ற ஓராண்டுக்கு மேல் அலைந்து, வங்கிக் கடன் கைகூடாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகே அந்த உத்தரவு அவர் வீடு தேடி வந்தது.

பதிவேட்டில் இருக்கும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை. அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன் வரி ரசீதை வாங்கி அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, “இப்போ வேண்டாம் சேட்டா, வகை மாறட்டும்” என்று சொல்லும் தரகர் அன்றைய கமிஷனை இழக்கிறார். ஒரு குடும்பம் எதை இழக்காமல் தப்பியது என்பது அந்தக் குடும்பத்துக்கே முழுதாகத் தெரியாது. தெரிந்தவர் அவர் மட்டுமே. பாராட்டு வராத இந்த அறிவில் ஒரு கனமான திருப்தி இருக்கிறது. மருந்துச் சீட்டில் தவறைக் கண்டுபிடிக்கும் மருந்தாளுநருக்கும் இதே திருப்திதான் கிடைக்கும்.

எச்சரிக்கைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காயலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் மரடு. 2006இல் அன்றைய பஞ்சாயத்து கொடுத்த அனுமதியோடு நீர்க்கரையில் அடுக்குமாடிகள் எழுந்தன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு அவை முரணானவை. அடுத்த ஆண்டே அனுமதியில் கோளாறு என்று நோட்டீஸ் போயும், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே வீடுகள் விற்றுத் தீர்ந்தன. 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் ஹெச்2ஓ ஹோலி ஃபெய்த், ஆல்ஃபா செரீன், ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம் ஆகிய நான்கு குடியிருப்புகளும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். உரிமையாளர்களுக்கு இடைக்கால இழப்பீடு 25 லட்சம் ரூபாய் வரை. ஓய்வூதியத்தை முழுதாகப் போட்டு வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாடே தொலைக்காட்சியில் புழுதி எழுவதைப் பார்த்தது.

அந்த வீடுகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் காட்டி, சாவியைக் கையில் கொடுத்திருப்பார். கடலோர மண்டல அறிவிக்கை வந்தது 1991இல். கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாமலே விற்றிருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்வதுதான் அந்தத் தொழில்.

சட்டமும் மெதுவாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ரெரா எனப்படும் 2016இன் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் வீடு விற்க உதவும் முகவரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக்கூடாது, வாங்குகிறவர் பார்க்க உரிமையுள்ள ஆவணங்கள் அவர் கைக்கு வர உதவ வேண்டும். மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது விற்ற சொத்தின் மதிப்பில் ஐந்து சதவீதம் வரை ஏறலாம். கேரளத்தில் இதற்கான ஆணையம் 2020 தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ஆனால் பள்ளுருத்திச் சந்தில் பழைய வீடு கைமாறுவது இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வராது. அங்கே தரகரின் மனசாட்சிக்குத்தான் வேலை.

ஒரே வேலையைச் செய்பவர்களில் சிலருக்கு மட்டும் நிறைவு கிடைப்பது ஏன் என்பதை ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997இல் சக ஆய்வாளர்களுடன் ஆராய்ந்தார். தம் பணியைப் பிழைப்பாகப் பார்ப்பவர், முன்னேற்றப் படியாகப் பார்ப்பவர், தமக்கென அமைந்த பணியாகப் பார்ப்பவர் என மூவகை. ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் பணியில் இருந்தவர்களிடமே இந்த மூன்று பார்வையும் ஏறத்தாழச் சமமாக இருந்தது. பதவியோ சம்பளமோ அதைத் தீர்மானிக்கவில்லை. வேலையின் எல்லையை எங்கே வரைந்துகொள்கிறோம் என்பது பெரிய விஷயம். பத்திரப் பதிவோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் தரகரும், பதிவுக்குப் பின் வாங்கியவர் பெயருக்குப் போக்குவரவு (பட்டா மாற்றம்) நடந்து வரி ரசீது வந்ததா என்று விசாரிக்கும் தரகரும் வாங்குவது ஒரே கமிஷன்தான்.

கொச்சியில் இந்த எல்லை மிகத் தெளிவாகத் தெரிவது பணய வீடுகளில். தமிழ்நாட்டில் ஒத்தி எனப்படுவதைப் போன்றது இது: மொத்தமாக ஒரு தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. மட்டாஞ்சேரி, பள்ளுருத்திப் பக்கம் வாடகை மாதாமாதம் கட்ட முடியாத குடும்பங்கள் நகையை விற்றும் சீட்டு எடுத்தும் இந்தத் தொகையைச் சேர்க்கிறார்கள். உரிமையாளர் பணத்தைச் செலவழித்துவிட்டால், அல்லது வீடு ஏற்கெனவே வங்கியில் அடகில் இருந்தால், அந்தக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் போயிற்று. எனவே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும், ஒப்பந்தம் எழுதிச் சாட்சி வைப்பதும், ‘இன்னும் ஆறு மாசத்தில் இவங்களுக்குத் திருப்பித் தரணும்’ என்று உரிமையாளருக்கு நினைவூட்டுவதும் தரகரைச் சேர்கின்றன. இதில் வருமானம் சொற்பம். பெரிய கட்டுமான நிறுவனங்களோடு தொழில் செய்பவர்கள் திரும்பியும் பார்க்காத வேலை. ஆனால் ஒருவரின் சொல் ஊரில் எவ்வளவு பெறும் என்பதை அளக்கும் இடம் இதுதான்.

நிலத்தை வாங்கிக் கொடுப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் தமிழ்நாட்டில் உண்டு. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தரகர் அல்ல, கமிஷன் வாங்கியவரும் அல்ல. ஆனால் அவர் செய்த வேலையைக் கூர்ந்து பார்த்தால் அதன் நடுவில் தரகின் அத்தனை நுணுக்கமும் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அவரும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தை விற்க முன்வரும் மிராசுதாரரையும் நிலமில்லாத கூலித் தொழிலாளிகளையும் எதிரெதிரே உட்கார வைத்து, நியாயமான விலை பேசி, வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டத்துக்கும் அலைந்து, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. 2008இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும், 2020இல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. விலை பேசுதல், காகிதம் பார்த்தல், இரு தரப்பின் பயத்தையும் போக்குதல் என்று எல்லாத் தரகரும் செய்யும் வேலைதான். அதை யாருக்காகச் செய்தார்கள் என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

எல்லாத் தரகரும் அப்படி வாழ முடியாது; அவர்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ஆனால் அந்தத் திறமைகள் எவ்வளவு தூரம் போகக்கூடியவை என்பதைக் கீழத்தஞ்சை காட்டியது.

இனி இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்களுக்குக் களம் மாறுகிறது. கேரளத்தில் 2022 நவம்பரில் டிஜிட்டல் மறு அளவை தொடங்கியது. பதிவு, வருவாய், அளவை ஆகிய மூன்று துறைகளின் ஆவணங்களையும் ஒரே இடத்தில் காட்டும் ‘என்டெ பூமி’ இணையதளம் 2024இல் வந்தது. யாருடைய பெயரில் எவ்வளவு இருக்கிறது என்ற ரகசியத்தை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது கஷ்டகாலம். வரைபடத்தில் ஏறாத விஷயங்களோ இன்னும் நிறைய இருக்கின்றன. எந்தச் சந்தில் குழாய்த் தண்ணீர் விடியற்காலை மட்டும் வரும், எந்த வீட்டார் லாரித் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள், எந்தக் கால்வாயைத் தூர் வாராததால் போன விருச்சிகத்தில் நீர் எந்தப் படி வரை ஏறியது, பக்கத்து வீட்டாரோடு எல்லைத் தகராறு உண்டா? 2023 பிப்ரவரியில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதாகி மேற்குக் கொச்சி முழுக்கக் குடத்தோடு அலைந்தபோது, எந்தத் தெருவில் கிணறு கை கொடுத்தது என்பதை எந்தத் தளமும் பதிவு செய்யவில்லை. நடந்து, கேட்டு, ஓதக் காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அதே மனையைப் போய்ப் பார்த்தவருக்கு அது தெரியும். வீடு வாங்குகிறவர் தரகருக்குக் கொடுக்கும் பணம் இனி இந்த அறிவுக்கான கூலியாகத்தான் இருக்கும்.