சுழலும் பல்லின் வெப்பம்

உலோகத்தை வெட்டும் கருவி சூடேறுகிறது என்பதை அறிய நமக்கு மானி எதுவும் வேண்டியதில்லை. நீலம் பாய்ந்து சுருண்டு விழும் எஃகுச் சீவலே அதைச் சொல்லிவிடும். எத்தனை பாகை என்று கேட்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வெட்டு நிகழும் இடம் கருவிக்கும் சீவலுக்கும் இடையே மறைந்து கிடக்கிறது. அங்கே வெப்பமானியை நுழைக்க இடம் ஏது?

ஆயினும் அளந்தே ஆகவேண்டும். கரி எஃகுக் கருவி 250 பாகை சென்டிகிரேடு அளவிலேயே கடினம் குன்றத் தொடங்கும். அதிவேக எஃகு ஏறத்தாழ 600 பாகை வரை தாங்கும். அதற்கு மேல் முனை மழுங்கும், வேலையும் கெடும்.

1821ஆம் ஆண்டில் ஸீபெக் கண்ட உண்மை இங்கே கைகொடுத்தது. இருவேறு உலோகங்களைச் சுற்றாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கிறது. கருவி ஓர் உலோகம், வெட்டப்படும் பொருள் மற்றோர் உலோகம். இரண்டும் உரசுமிடமே சூடான இணைப்பு. ஆகவே கருவியே வெப்பமானி ஆகிவிடுகிறது! 1920களில் அமெரிக்காவில் ஷோர், ஜெர்மனியில் காட்வைன், இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஆகியோர் இம்முறையைத் தனித்தனியே கண்டனர். கிடைக்கும் மில்லிவோல்ட் எத்தனை பாகைக்குச் சமம் என்பதை, அதே இரு உலோகங்களையும் தனியே சூடாக்கி ஒப்பிட்டு அறியவேண்டும். இதில் சோம்பினால் அளவு முழுதும் வீணே. மேலும், கிடைப்பது உரசுமிடத்தின் சராசரி வெப்பமேயன்றி உச்ச வெப்பமன்று.

கடைசல் பொறியில் வெட்டு இடையறாது நிகழ்வதால் முள் ஓரளவு நிலைத்து நிற்கும். மில்லிங் பொறியிலோ பல பற்களுடைய கருவி சுழல்கிறது. ஒவ்வொரு பல்லும் சற்றே வெட்டிச் சூடேறி, மீதிச் சுற்றில் ஆறுகிறது. நிமிடத்திற்கு 600 சுற்று என்றால், இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் முடிந்துவிடும். மந்தமான முள் இதை எங்ஙனம் காட்டும்? ஆகவே அலைவுகாட்டி வேண்டும். பல பற்களின் குறிகள் ஒன்றோடொன்று கலவாதிருக்க, ஒரே பல்லைப் பொருத்தி ஆராய்வதும் உண்டு. சுழலும் தண்டிலிருந்து மின்குறியை வெளிக்கொணர வழுக்கு வளையமோ பாதரசத் தொடர்போ உதவும். இன்று கருவியின் பிடியிலேயே சிறு வானொலி அனுப்பியைப் பொருத்திவிடுகின்றனர். அகச்சிவப்புக் கதிரால் தொலைவிலிருந்தும் அளக்கலாம். ஆனால் சீவலும் குளிர்நீர்மமும் பார்வையை மறைத்துவிடும்.

இத்தனை பாடும் எதற்கு? ஏறி இறங்கும் வெப்பமே கார்பைடுப் பல்லுக்குப் பகை. வெட்டுமுனைக்குக் குறுக்கே, சீப்பின் பற்களைப் போல், நுண்ணிய விரிசல்கள் தோன்றும். இரண்டு விரிசல்களுக்கு இடைப்பட்ட துணுக்கு ஒருநாள் பெயர்ந்து விழும். குளிர்நீர்மத்தை ஊற்றினால் கருவி பிழைக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். எஃகை விரைவாக மில்லிங் செய்கையில் அது பல்லைத் திடீரெனக் குளிர்வித்து விரிசலையே பெருக்குவதுண்டு. அத்தகைய வேலையில் நீர்மத்தை நிறுத்தி, காற்றை மட்டும் ஊதிச் சீவலை அகற்றினால் பல் நெடுநேரம் உழைக்கிறது.