காரில் சைக்கிள் ஏற்றணுமா? ரேக்கை உள்ளேயே செய்யுங்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். காரின் பின்னால் இரண்டு மூன்று சைக்கிள்கள் தொங்கிக்கொண்டு போகும். நம்பர் பிளேட் தெரியாது. பிரேக் லைட்டில் ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்னால் டூ வீலரில் வருகிறவருக்கு அந்தக் கார் பிரேக் போட்டதே கடைசி நொடியில்தான் தெரியும்.

சைக்கிளைக் காரில் கொண்டு போவதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப் போகிறவர்கள், லீவில் ஏலகிரி, ஏற்காடு என்று போய் ஓட்ட நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் இது தேவைதான். கடை ரேக் விலையைக் கேட்டதும், ‘நாமே செஞ்சா என்ன?’ என்று தோன்றுவதும் இயல்பு. தாராளமாகச் செய்யலாம். எங்கே செய்கிறோம் என்பதைத்தான் முதலில் யோசிக்கணும். காருக்கு வெளியே இரும்பை வளைத்து மாட்டுவதைவிட, பின் சீட்டை மடக்கி உள்ளேயே ஒரு பலகை ரேக் போட்டுக்கொள்வது சுலபம். செலவும் குறைவு. சட்டச் சிக்கலும் வராது.

வெளியே என்றால் என்ன சிக்கல்?

வெல்டிங் பட்டறைக்குப் போனால், “பம்பருக்கு அடியில ரெண்டு கொக்கி வெச்சுக் கொடுத்துடறேன் சார், அஞ்சு வருஷத்துக்கு அசையாது” என்பார்கள். அசையாமல் இருக்கலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்று ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்தும் ஆர்.சி. விவரத்திலிருந்தும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தைத்தான் சட்டம் ‘மாற்றம்’ என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 2019 திருத்தச் சட்டம் இடம் தருகிறது. முன்பக்கம் மாட்டும் இரும்பு கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதும் இதே பிரிவை வைத்துத்தான்.

பெல்ட்டால் கட்டி, இறங்கியதும் கழற்றி எடுத்து வைக்கும் ரேக் வேறு, சேஸிஸில் துளை போட்டு வெல்டிங் வைத்த ரேக் வேறு. இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அகலம். பெரியவர் ஓட்டும் சைக்கிள் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை சுமார் 1.7 மீட்டர் நீளம் இருக்கும். வேகன் ஆர் காரின் அகலமே 1.62 மீட்டர்தான். அதன் பின்னால் சைக்கிளைக் குறுக்கே தொங்கவிட்டால் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சந்தில் நடந்து போகிறவர் முழங்கையில் இடிக்கிற உயரம் அது. அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ பின்னாலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் ரூ.20,000 அபராதம் என்று பிரிவு 194 சொல்கிறது. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் வெகுவாகக் குறைந்துவிடும். அதைக்கூட யாரும் செய்வதில்லை!

முதலில் டேப், பிறகு ரம்பம்

உள்ளே வைக்கும் ரேக்குக்கு வருவோம். டிக்கி கதவு மேலே தூக்கித் திறக்கும் கார்களுக்கு இது ஏற்றது. டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் வகையில் பெரும்பாலும் சைக்கிள் நிமிர்ந்து நுழையாது.

பின் சீட்டை மடக்கிவிட்டு மூன்று அளவு எடுங்கள். முன் சீட்டின் முதுகிலிருந்து டிக்கி கதவு வரை நீளம், கதவுத் திறப்பின் உயரம், உள்ளே கூரை வரை உயரம். முன் சக்கரம் கழற்றிய சைக்கிளுக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளம் வேண்டும். உயரத்துக்குச் சின்னக் கணக்கு: ஹேண்டில்பார் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், அதில் 34 சென்டிமீட்டர் சக்கர மையம் வரைக்கும் போய்விடுகிறது. சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைப் பலகைக்கு மேல் 10 சென்டிமீட்டரில் நிறுத்தினால் ஹேண்டில்பார் 76 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். சீட்டை முழுசாக இறக்குங்கள், இல்லாவிட்டால் சீட் போஸ்ட்டோடு உருவி எடுத்துவிடுங்கள். போகும்போது, அது எந்த உயரத்தில் இருந்தது என்று ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் திரும்ப மாட்டும்போது தொந்தரவு இல்லை.

இந்த ரேக்கின் உயிரே ஒரு பழைய ஹப்தான். உங்கள் தெரு சைக்கிள் கடையில் வளைந்துபோன முன் சக்கரங்கள் மூலையில் கிடக்கும். “ஒரு முன் ஹப் மட்டும் வேணும்ணே” என்று கேளுங்கள், ஸ்போக்ஸை வெட்டிக் கொடுத்துவிடுவார். லீவரைத் திருப்பினால் கழலும் வகை சைக்கிள்களில் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே இடைவெளி 100 மில்லிமீட்டர். அதே வகைப் பழைய ஹப்பை எடுத்தால் ஃபோர்க் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். தனியாக அளந்து இரும்பு வெட்ட வேண்டிய வேலையே கிடையாது. சில விலையுயர்ந்த மலை சைக்கிள்களில் லீவருக்குப் பதிலாகத் தடித்த ஆக்சில் ஒன்றைச் செருகித் திருகியிருப்பார்கள். அதற்கு இந்த ஹப் பொருந்தாது, அதே வகை ஹப்தான் தேடணும்.

முக்கால் இன்ச் பிளைவுட் பலகை, ஒரு அடி அகலம், இரண்டரை அடி நீளம் போதும். அதன் மேல் நாலு இன்ச் உயரத்தில் ஒரு மரக்கட்டை. ஹப்பின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருக்கும் உருளைப் பகுதி உட்காரும்படி கட்டையின் அகலம் இரண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். கட்டையின் தலையில் அரைவட்டமாகக் குடைந்து, ஹப்பை அதில் வைத்து, பிளம்பர்கள் பைப்புக்குப் போடும் உலோகக் கிளாம்பால் இறுக்குங்கள். கட்டையைப் பலகையோடு சேர்ப்பதற்கு ஸ்க்ரூ மட்டும் நம்பாதீர்கள். கீழேயிருந்து போல்ட்டு விட்டு, அகலமான வாஷர் போட்டு நட்டு முடுக்கணும். ஸ்க்ரூ மரத்தின் நாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வண்டி ஆட ஆட அந்தத் துளை பெரிசாகிவிடும். போல்ட்டுக்கு அந்தக் கவலை இல்லை. போல்ட்டுத் தலை துருத்தினால் சீட் துணி கிழியும். அதனால் பலகைக்கு அடியில் பழைய யோகா மேட் ஒன்றை வெட்டி ஒட்டிவிடுங்கள், வழுக்கவும் வழுக்காது.

ரேக் வேலை முடிந்ததும் வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்து நன்றாக உலுக்கினால் பலகையோடு சேர்ந்து ஆடணும், தனியாக ஆடக் கூடாது.

கட்டுவதில்தான் உயிர் இருக்கிறது

உள்ளேதானே இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்று பலர் சும்மா நிறுத்தி வைத்துவிடுகிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் போகும்போது சைக்கிளும் அதே வேகத்தில்தான் போகிறது. கார் திடீரென்று மோதி நின்றால், சைக்கிள் நிற்காது. 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுகிற பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகமோ அதே வேகத்தில் முன் சீட்டில் இருப்பவரின் முதுகில் வந்து மோதும். நாலு மாடி உயரம் அது.

ஆகவே பலகையின் இரு பக்கமும் துளை போட்டு, ராட்செட் பெல்ட் மாட்டி, டிக்கித் தரையில் இருக்கும் வளையங்களில் பின்பக்கமாக இழுத்துக் கட்டுங்கள். வளையம் இல்லாத கார்களில், குழந்தை சீட் மாட்டுவதற்காகப் பின் சீட்டின் இடுக்கில் இரும்புக் கம்பிகள் கொடுத்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தலாம். பின் சக்கரத்துக்குத் தனியாக ஒரு பெல்ட். நைலான் கயிறு இழுபடும், அதை நம்ப வேண்டாம். கழற்றிய முன் சக்கரத்தையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி ஃபிரேமோடு கட்டிவிடுங்கள்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சக்கரம் இல்லாதபோது பிரேக் லீவரை யாராவது விளையாட்டாக அமுக்கினால் ஆயில் பிரேக்கில் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. தடித்த அட்டைத் துண்டு ஒன்றை மடித்து நடுவே செருகி வையுங்கள்.

பின் சீட் இரண்டு பாகமாக மடங்கும் கார் என்றால் ஒரு சைக்கிளும் மூன்று பேரும் போகலாம். முழு சீட்டையும் மடக்கினால் ஒன்று முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் இரண்டு சைக்கிள் நிற்கும், ஆள் இரண்டு பேர்தான். நாலு பேர், நாலு சைக்கிள் என்றால் இந்த ரேக் உதவாது. அப்போது கழற்றி மாட்டும் கடை ரேக்தான் வழி. காசு கொஞ்சம் போனாலும் அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

பள்ளியில் 11-ஆம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியைக் கொண்டு போக நினைத்தால் கூடுதல் வேலை இருக்கிறது. அந்த மாதிரி சைக்கிளில் முன் சக்கரம் நட்டில் நிற்கும், மட்கார்டு கம்பியும் அதே ஆக்சிலில் மாட்டியிருக்கும். ஸ்பேனர் எடுத்து இரண்டையும் கழற்றணும். ஹப்பும் அதே வகையாகப் பார்த்து வாங்கணும். எடையும் கூடுதல் என்பதால் இரண்டு பேர் தூக்கி வைப்பது நல்லது.

வெளியேதான் மாட்டியாகணும் என்றால்

ரேக் மாட்டிய பிறகு காரை நிறுத்தி, பத்தடி பின்னால் போய் நின்று போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர், ஹெட்லைட் எல்லாம் போடச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. விளக்கு ஒன்றாவது மறைந்தாலோ, நம்பரில் ஒரு எழுத்தாவது தெரியாவிட்டாலோ சைக்கிளை மேலே ஏற்றுங்கள், அல்லது ஒன்றைக் குறையுங்கள். அட்டையில் நம்பர் எழுதி சைக்கிளில் தொங்கவிடுவது செல்லாது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியில் பொருத்திய இடத்திலேயே தெரியணும்.

கூரையில் நிறுத்துகிறவர்களுக்கு உயரம்தான் எமன். ஒன்றரை மீட்டர் கார், மேலே ஒரு மீட்டருக்கு மேல் சைக்கிள். அடுக்குமாடி பேஸ்மென்ட் வாசலும் சின்ன ரயில்வே சப்வேயும் அதற்கு இடம் கொடுக்காது. மொத்த உயரத்தை எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது கார் கையேட்டில் இருக்கும். ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி எல்லா பெல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பயணத்துக்கு முன்னால் எம்-பரிவாகன் செயலியிலோ டிஜிலாக்கரிலோ உங்கள் ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் திறக்கிறதா என்று பாருங்கள். வழியில் கேட்டால் போனில் காட்டினாலே செல்லும். ஆர்.சி.யில் பதிந்த மொபைல் எண் பழையதாக இருந்தால், பரிவாகன் தளத்தில் மாற்றிக்கொள்ளலாம். இ-சலான் போட்டால் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும். ஊர் திரும்பியதும் வண்டி எண்ணைப் போட்டு, சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடலாம்.