மாயக் கதை தேடுவோருக்கு

எழுவான்கரையில் களுவாஞ்சிக்குடி, வாவிக்கு அப்பால் படுவான்கரை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன்கள் பாடும் என்று கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு மாயக் கதை புதிதல்ல. அப்படியானால் வாசிப்பை யாரிடமிருந்து தொடங்கலாம்?

புதுமைப்பித்தன் நல்ல வாசல். 1906 முதல் 1948 வரை வாழ்ந்த அவரது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில், கடவுளே சென்னைத் தெருவுக்கு வந்து காப்பி குடிக்கிறார். கடலில் மூழ்கிய தொல்நகரை 'கபாடபுரம்' கதை தேடிப் போகிறது. சிறுகதைகள் என்பதால் ஒரே மாலையில் இரண்டையும் வாசித்து விடலாம்.

பெரிய கனவுலகம் வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்'. 1997இல் வெளிவந்த இந்த நாவல், கோபுரங்கள் நிறைந்த ஒரு கற்பனை நகரையே எழுப்பிக் காட்டுகிறது. பொறுமையோடு நுழைய வேண்டிய புத்தகம் இது.

நம் நாட்டவரும் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும் ஷெஹான் கருணாதிலக்க தன் நாவல் ஒன்றுக்காக 2022இல் புக்கர் பரிசு பெற்றார். அந்த நாவலின் நாயகன் இறந்துபோன ஒரு புகைப்படக் கலைஞன். தன்னைக் கொன்றவர் யார் என்பதை அறிய, ஆவியாக அவனுக்குக் கிடைப்பது ஏழு இரவுகள் மட்டுமே. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் முதல் நாவலோ, மாயக் கதையுலகின் பெரிய விருதுகளில் ஒன்றான நெபுலாவை 2024இல் வென்றது.

ஒருவரின் எழுத்து பிடித்துப்போனால், அவருக்குப் பிடித்த எழுத்தாளர்கள் யார் என்று அவரது நேர்காணல்களில் தேடுங்கள். அடுத்த பெயர் அங்கேயே கிடைக்கும். பக்கத்து நூலகரிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.