தூண்டல் மோட்டரின் அமைப்பும் தொழிற்பாடும்

கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் நீர், இங்கினியாகலை மின்நிலையத்தின் சுழல்சக்கரங்களை இயக்கிய பின்னர், வாய்க்கால் வழியே பாய்ந்து கீழைக்கரை வயல்களை வளம்படுத்துகின்றது. அவ்வயல்களில் விளைந்த நெல்லை முன்னாளில் உரலும் உலக்கையும் அரிசியாக்கின. இந்நாளில் காரைதீவையும் சம்மாந்துறையையும் சூழ்ந்த பகுதியில் அப்பணியை ஆலைகளின் மின்மோட்டர்கள் ஆற்றுகின்றன. நீரின் வீழ்ச்சி மின்சாரமாகின்றது. மின்சாரம் மீண்டும் சுழற்சியாகின்றது. அச்சுழற்சியைத் தரும் பொறிகளுள் மிகப் பரவலாக வழங்குவது தூண்டல் மோட்டராகும்.

இப்பொறியில் வியத்தற்குரிய செய்தி ஒன்றுண்டு. இதன் பெருவழக்கான வகையிலே, சுழலும் பாகத்துக்கு எந்த மின்கம்பியும் செல்வதில்லை. எதனாலும் தீண்டப்படாத அப்பாகம் பெருஞ்சுமையை இழுத்துச் சுழல்வது எங்ஙனம்?

மோட்டரைப் பிரித்து நோக்கின் இரு பெரும் பாகங்கள் தோன்றும். வெளியே அசையாது நிற்பது நிலையி. மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கி, உட்புறத்தில் தவாளிப்புகள் வெட்டி, அவற்றில் காவலிடப்பட்ட செப்புக் கம்பிச் சுருள்களைப் பதித்து அஃது ஆக்கப்படுகின்றது. ஒரே திண்மமான இரும்பாயின் அதனுள்ளே வீண் மின்னோட்டங்கள் சுழன்று வெப்பத்தை விளைக்கும். அதனைக் குறைத்தற்பொருட்டே தகடுகள் ஒன்றையொன்று மின்வழி தொடாவண்ணம் பூச்சிடப்படுகின்றன. உள்ளே தாங்கிகளின்மீது சுழல்வது சுழலி. அதன் தவாளிப்புகளில் அலுமினியம் அல்லது செம்பினாலான சட்டங்கள் அமைந்திருக்கும். அச்சட்டங்களின் இரு முனைகளையும் வளையங்கள் இணைக்கின்றன. தகடுகளை நீக்கி நோக்கின் அஃது அணிலை அடைத்து வைக்கும் சுழற்கூடு போலத் தோன்றுதலின் அணிற்கூட்டுச் சுழலி எனப் பெயர்பெற்றது. நிலையிக்கும் சுழலிக்கும் இடையே சிறிய காற்றிடைவெளி மாத்திரமே உண்டு.

ஆலைகளுக்கு வழங்கப்படுவது மூவவத்தை ஆடலோட்டம். மூன்று மின்னோட்டங்கள் ஒரே அளவினவாயினும் ஒருங்கே உச்சத்தை அடைவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடைகின்றன. மூவர் வட்டமாக நின்று முறைமுறையாக அழைத்தால் நடுவில் நிற்பவனின் முகம் வட்டமாகத் திரும்புமன்றோ? அவ்வாறே, நிலையியின் மூன்று சுருட்டொகுதிகளும் முறையே வலுப்பெறுதலால், உருக்கு அசையாதிருக்கவும் காந்தப்புலம் மாத்திரம் சுழல்கின்றது. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுமாறுவது. ஆதலின் இருமுனைவு மோட்டரில் இப்புலம் நிமிடத்துக்கு 3000 முறையும், நான்முனைவு மோட்டரில் 1500 முறையும் சுழலும்.

சுழலும் புலம் சுழலியின் சட்டங்களை வெட்டிச் செல்லுங்கால் அவற்றில் மின்னோட்டம் தூண்டப்படுகின்றது. மின்னோட்டங் கொண்ட சட்டங்கள் காந்தப்புலத்தில் நிற்றலால் விசைக்கு ஆட்படுகின்றன. தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னைத் தோற்றுவித்த காரணத்தை எதிர்க்கும் என்பது இலென்சு கண்ட விதி. ஈண்டுக் காரணமாவது புலம் சட்டங்களைக் கடந்து ஓடுதல். அக்கடப்பைக் குறைக்க முயலும் சுழலி, புலத்தைப் பின்தொடர்ந்து ஓடத் தொடங்குகின்றது.

ஆயின் அஃது ஒருபோதும் புலத்தை எட்டிப் பிடிப்பதில்லை. எட்டிவிடின் சட்டங்களைப் புலம் வெட்டாது, மின்னோட்டம் அறும், விசையும் அறும். பின்தங்குதலே இம்மோட்டரின் உயிர். இப்பின்தங்கலை வழுக்கல் என்பர். புலம் 1500 சுற்றுச் சுழல, முழுச்சுமையில் சுழலி 1450 சுற்றுச் சுழலுமாயின் வழுக்கல் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரைக்குச் சற்றுக் குறைவாகும். சுமை மிகின் சுழலி சிறிது தளர்கின்றது, வழுக்கல் மிகுகின்றது, அதனால் மின்னோட்டமும் முறுக்குவிசையும் மிகுந்து சுமையைத் தாங்குகின்றன.

இவ்வறிவு ஒரே நாளில் எய்தியதன்று. 1824இல் அரகோ என்னும் பிரெஞ்சு அறிஞர், செப்புத் தட்டைச் சுழற்ற, அதன்மேல் தொங்கிய காந்த ஊசியும் உடன்சுழலக் கண்டார். காந்தத்தால் கவரப்படாத செம்பு அதனை இழுத்தது எவ்வாறு என்பதை, 1831இல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே விளக்கிற்று. இத்தாலியரான பெராரிசும், அமெரிக்காவில் வாழ்ந்த தெசுலாவும் தனித்தனியே இம்மோட்டரை வகுத்து 1888இல் வெளிப்படுத்தினர். 1889இல் தொலிவோ தொபுரோவொல்சுகி மூவவத்தை அணிற்கூட்டு மோட்டரை ஆக்கினார். தமிழகத்தில், பீளமேட்டில் ஜி. டி. நாயுடு அவர்களின் தொழிற்கூடத்தில் 1937இல் உருவான மோட்டர், இந்தியாவிலேயே ஆக்கப்பட்ட முதல் மின்மோட்டர் எனப் போற்றப்படுகின்றது.

இத்தத்துவத்தை அறிதலால் விளையும் பயன் சிறிதன்று. நிற்கும் சுழலியில் வழுக்கல் முழுமையானது. எனவே தொடக்கத்தில் மோட்டர் தன் முழுச்சுமை மின்னோட்டத்தினும் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு மடங்கு வரை ஈர்க்கும். சுழற்சி எழுந்தவுடன் அது தணியும். மூன்று கம்பிகளுள் ஒன்று அறுந்துவிடினோ, சுழலும் புலம் பிறவாது. துடிக்கும் புலமே எஞ்சும். நிற்கும் மோட்டர் இரைந்துகொண்டு அசையாதிருக்கும். ஓடிக்கொண்டிருந்த மோட்டரோ சுமை இலேசாயின் தொடர்ந்து ஓடக்கூடும். எஞ்சிய சுருள்கள் மிகை மின்னோட்டத்தைத் தாங்கி வெம்மையுறும். மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறையின் முறுக்குவிசை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தொன்பது குறையும். அப்பொழுதும் சுருள் சூடேறும்.

இரைச்சலின் பொருளை அறியாதவன் ஆளியை மீண்டும் மீண்டும் இடுவான். சில நிமிடங்களில் காவல் கருகும். சுருளை மீளச் சுற்றி முடிக்கும்வரை ஆலை நிற்கும். அறுவடைக் காலத்தில், நனைந்த நெல்லுடன் காத்திருக்கும் கமக்காரனுக்கு அந்நாள்களின் இழப்பு ஒரு போகத்தின் உழைப்பையே பாதிக்கும். அறிந்தவனோ இரைச்சல் கேட்டவுடனே மின்சாரத்தை நிறுத்தி, மூன்று அவத்தைகளையும் மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பிப்பான். மிகைச்சுமைக் காப்பு ஆளி பொருத்துவதும் இக்காரணம் பற்றியே.

காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்றவர். விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பதன் நோக்கம் பரீட்சையோடு முடிவதன்று. ஆலையில் எழும் இரைச்சலைக் கேட்டு அதன் காரணத்தை ஆராயும் மாணாக்கனிடத்திலேயே அக்கல்வி நிறைவெய்தும்.