தூக்குமரமும் மக்கள் நினைவும்

பிழைப்பை நாடிக் கொச்சிக்கு வந்த நம்மவர், ஓய்வு நாளில் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணத் தவறுவதில்லை. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக் கொடுத்த மாளிகை அது. பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர் பெற்றது. அதன் இராமாயணச் சுவரோவியங்களை நாம் வியந்து பார்க்கிறோம். ஆனால், அந்த அரசர்களுக்குப் பரம்பரை முதலமைச்சராக விளங்கிய பாலியத்தச்சன்மாருள் ஒருவர், 1808-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆங்கிலக் கம்பெனியின் ரெசிடென்ட் மெக்காலேயின் கொச்சி இல்லத்தைத் தாக்கச் செய்தார் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? மெக்காலே மயிரிழையில் உயிர் தப்பினார்.

அத்தாக்குதலில் பாலியத்தச்சனோடு கைகோத்தவர் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி. அவர் பிறந்த தலக்குளம், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அவரை அரசியலுக்குக் கொணர்ந்ததே ஒரு குடியானவர் கிளர்ச்சிதான். 1799-இல் திருவிதாங்கூர் மந்திரியாயிருந்த ஜயந்தன் நம்பூதிரியும் அவருடைய கூட்டாளிகளும் குடிகளைக் கசக்கிப் பணம் பறித்தனர். அப்போது இரணியல் பகுதியில் காரியக்காரராக இருந்த வேலுத்தம்பி, தென்பகுதி மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடத்திச் சென்றார். மந்திரியை விலக்க வேண்டும். உப்பு வரியையும் ஏனைய கொடுவரிகளையும் நீக்க வேண்டும் என்று மக்கள் கேட்டனர். அரசர் இணங்கினார். அதே ஆண்டு அக்டோபரில்தான் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார் என்பதை இங்கே நினைவு கூர்வோம்.

தளவாய்ப் பதவியில் வேலுத்தம்பி கடுமையான நிர்வாகியாகவே விளங்கினார். 1805-ஆம் ஆண்டு உடன்படிக்கை, திருவிதாங்கூர் கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகையை ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நிலுவையைக் கேட்டு ரெசிடென்ட் நெருக்கவே, பகை முற்றியது. 1809 ஜனவரி 11-ஆம் நாள் குண்டறையில் வேலுத்தம்பி வெளியிட்ட பிரகடனம் மக்களைப் போருக்கு அழைத்தது. போர் தோல்வியில் முடிந்தது. மார்ச்சு மாதம், மண்ணடிக் கோயிலில் பகைவர் சூழ்ந்தபோது அவர் உயிர் நீத்தார். அவருடைய தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார்.

இறந்த பின்னும் வேலுத்தம்பிக்குத் தண்டனை காத்திருந்தது. அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொணர்ந்து, கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்க விட்டனர். கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே இச்செயலைக் கண்டித்தார். மக்கள் அஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம். விளைவோ வேறாயிற்று. இன்று மண்ணடியில் அவருக்கு நினைவிடம் உண்டு. தலைமைச் செயலகத்தின் முன் அவருடைய சிலை நிற்கிறது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றிலும் இன்று அவருடைய சிலையே நிற்கிறது. எச்சரிக்கையாக நடப்பட்ட தூக்குமரம் நினைவுச்சின்னமாக மாறியது.

ஆயினும் இந்நினைவில் ஒரு குறை உண்டு. அது தூக்குமரத்தையே சுற்றி வருகிறது. பாலியத்தச்சன் தூக்கிலிடப்படவில்லை, அவரைச் சென்னைக்குக் கொண்டு சென்று காவலில் வைத்தனர். ஊர் திரும்பாமலே காசியில் காலமானார். ஆகவே மக்கள் மனத்தில் அவர் பெற்ற இடம் சிறிது. அவரினும் மறக்கப்பட்டவர் குடிகள். 1809 மே மாத உடன்படிக்கையின்படி, கொச்சி ஆண்டுதோறும் 2,76,037 ரூபாய் கம்பெனிக்குக் கட்ட வேண்டியதாயிற்று. முன்பு கட்டியது ஒரு லட்சமே. நாட்டின் வருவாய் நிலத்திலிருந்து வந்தது. ஆகவே அச்சுமையும் உழுபவன் தோளிலேயே இறங்கியது. தோல்விக்கு விலை கொடுத்த அவர்கள் எவருக்கும் சிலை இல்லை.

பிற நாட்டாரும் இவ்வாறே நினைக்கின்றனரா என்று பார்ப்போம். குரோஷியாவில் 1573-இல் பண்ணையாரின் கொடுமைக்கு எதிராகக் குடியானவர் எழுந்தனர். அவர்களுடைய தலைவர் மாத்தியா குபெத்ஸின் தலையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பு முடியைச் சூட்டிக் கொன்றதாக மக்கள் கூறுவர். நானூறு ஆண்டு நிறைவை ஒட்டி 1973-இல், கோர்ன்யா ஸ்தூபித்ஸா என்னும் ஊரில் அவருக்குப் பெருஞ்சின்னம் எழுப்பினர். ஆனால் அதன் அருகிலுள்ள காட்சிசாலைக்கு அவர் பெயரை இடவில்லை. ‘குடியானவர் கிளர்ச்சிகளின் காட்சிசாலை’ என்றே பெயரிட்டனர். நாம் கற்க வேண்டிய பாடம் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அயல் மாநிலத்தில் உழைத்து வாழும் நமக்கு, பெயரற்றோரின் பங்கு என்ன என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. வேலுத்தம்பியின் சிலையைக் கடக்கும்போது, 1799-இல் உப்பு வரியை நீக்கக் கோரி அவர் பின்னே நடந்த கால்களையும் எண்ணிப் பார்ப்போமாக. அவர்களுள் தமிழ் பேசியோரும் இருந்தனர், மலையாளம் பேசியோரும் இருந்தனர். அவர்கள் சுமந்த வரிக்கு மொழி ஏதும் இருக்கவில்லை.