மனுத்தாள் நகரை அடையும் வழி

செஞ்சியை அடுத்த தளவானூரில், பாறைக் குன்றைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் அமைத்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக் கோயில் இருக்கிறது. அதில் வடமொழியிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் இத்தகைய எழுத்துகளைப் படியெடுப்பதை வாசகர்களிற் சிலர் கண்டிருக்கலாம். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் படியவைத்து, தூரிகையால் தட்டிப் பதித்து, அதன்மேல் மையை ஒற்றுவார்கள். கல்லில் உள்ளது காகிதத்தில் வந்துவிடும். படி நகரத்து அலுவலகத்துக்குப் போகும்; கல் ஊரிலேயே நிற்கும். எழுத்தில் ஐயம் தோன்றினால் மீண்டும் கல்லிடம் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊராட்சிகளில் நாள்தோறும் நிரப்பப்படும் மனுத்தாள்களுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான் நடைபெற வேண்டியிருக்கிறது. முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல், குடும்ப அட்டை என எதுவாயினும், ஊரில் எழுதப்பட்ட விவரம் தொலைவிலுள்ள கணிப்பொறியை அடைந்தாக வேண்டும். அது எவ்வழியாக அடைவது நல்லது என்பதை இங்கே ஆராய்வோம்.

2001-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக நிரப்பிய தாள்கள் மூட்டை மூட்டையாகத் தரவு மையங்களுக்குச் சென்றன. அங்கே விரைவு ஸ்கேனர்கள் அவற்றைப் படமெடுத்தன. கையால் எழுதியதை யந்திரமே படித்துக் கணக்கில் ஏற்றியது. அந்நாளையத் தொலைபேசிக் கம்பிகளைக் கொண்டு அத்தனை கோடித் தாள்களின் படங்களையும் கிராமங்களிலிருந்து அனுப்ப முயன்றிருந்தால் வேலை முடிந்திராது. லாரியே அன்று சிறந்த வழி என்பது நம் கருத்து. 2023-இல் நம் மாநிலத்தில் மகளிர் உரிமைத் தொகைக்காக முகாம்கள் நடந்தபோது நிலைமை மாறியிருந்தது. ஏறத்தாழ 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. அவற்றின் விவரங்களைத் தன்னார்வலர்கள் முகாமிலேயே கைப்பேசிச் செயலியில் பதிந்தார்கள். முன்னதில் தாளே பிரயாணம் செய்தது. பின்னதில் விவரம் மட்டும் பிரயாணம் செய்தது. இவ்விரண்டுக்கும் நடுவே தாளின் படத்தை அனுப்பும் முறை நிற்கிறது.

எதை அனுப்புவது என்று முடிவு செய்யாமல் எந்தக் கம்பியை நாடுவது என்று கேட்பதில் பயனில்லை. ஒரு சாதாரண மனுத்தாளை அங்குலத்துக்கு 200 புள்ளி வீதம் படமெடுத்தால், அதில் சுமார் 39 லட்சம் புள்ளிகள் அடங்கும். கறுப்பு வெள்ளையாக எடுத்துச் சுருக்கினால் 50,000 பைட் அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். வண்ணப் படமாயின், சுருக்கிய பின்னும் 5 லட்சம் பைட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே தாளில் உள்ள எழுத்துகளை மட்டும் அனுப்பினால் 1,000 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

ஊரில் 500 மனுக்கள் சேர்ந்திருக்கின்றன என்று கொள்வோம். குன்றின் மறைவில் கைப்பேசி அலை மெலிந்து, வினாடிக்கு 1 லட்சம் பிட் மட்டுமே போகிறது. எழுத்துகள் 40 வினாடியில் போய்ச் சேரும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அரை மணிக்குச் சற்று அதிகமாகும். வண்ணப் படங்களுக்கோ ஐந்தரை மணி நேரமாகும். இடையில் அலை அறுந்தால் அதற்கு மேலும் ஆகும். கண்ணாடி இழைக் கம்பியில் வினாடிக்கு 1 கோடி பிட் கிடைக்குமானால், அதே வண்ணப் படங்கள் நாலு நிமிஷத்துக்குள் போய்விடும்.

ஆகவே இழை வந்துள்ள ஊரில் வேறெதையும் தேட வேண்டியதில்லை. பாரத்நெட் திட்டத்தின்கீழ், நம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் நோக்கத்துடன் பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியே இழை இழுக்கும் பணி தொடங்கப்பட்டது. ஆயினும் கம்பத்தில் தொங்குவது புயலில் அறுவதும் உண்டு. இரண்டாவதாக ஒரு வழி இருந்தே தீர வேண்டும்.

விண்கோள் வழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூமியோடு ஒத்துச் சுற்றும் விண்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடி ஆகும். மனுவில் 40 கட்டங்கள் இருந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நகரத்துக் கணிப்பொறியின் ஒப்புதலைக் கேட்கும்படி செயலியை அமைத்திருந்தால், ஒரு மனுவுக்கு 20 வினாடி காத்திருப்பிலேயே கழியும். 500 மனுக்களுக்கு இரண்டே முக்கால் மணிக்கு மேல். விண்கோள்மீது குறைகூறிப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பினால் இத்தாமதம் பொருட்டேயல்ல.

எளிய சாதனங்களை ஏளனம் செய்தலும் கூடாது. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி வில்லியனூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, தொலைபேசி சரியாக இல்லாத ஊர்களை வானொலிக் கருவிகளைக் கொண்டு இணைத்தது. அவற்றின் வழியே பேச்சு மட்டுமன்றிக் கணிப்பொறித் தகவலும் சென்றது. சிறிய வழியேயாயினும் எழுத்துகளுக்கு அது போதும்.

அப்படியானால் எழுத்துகளை மட்டும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நாம் தயங்குகிறோம். கண்ணம்மாள் என்று ஒரு மூதாட்டி மனுச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்பெயரில் மூன்று புள்ளிகள் உள்ளன. தாளில் படிந்த தூசியை நீக்க ஸ்கேனரில் ஒரு வசதி உண்டு. அதை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டால் தூசியோடு புள்ளியும் போய்விடும். முடுக்காவிட்டால் தூசியே புள்ளியாகிவிடும். கையெழுத்தில் ரகரமும் காலும் ஒன்றுபோல் இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ரோமன் எழுத்துக்கு அளவு செய்த யந்திரத்தை அப்படியே நம் மனுத்தாளின்மேல் ஏவினால், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயரும் ஓய்வூதியப் பட்டியலில் வேறொரு பெயருமாக முடியும். அதைத் திருத்த அம்மூதாட்டி எத்தனை முறை பஸ் ஏற வேண்டுமோ! கூலி வேலைக்குப் போகிறவராயின் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

ஆதலால் யந்திரம் படித்ததை மனு கொடுத்தவர் எதிரிலேயே உரக்கப் படித்துச் சரிபார்த்து, பிறகே அனுப்ப வேண்டும். எண்களில் இதற்கு நல்ல உதவி இருக்கிறது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் ஒரு சோதனை இலக்கம். முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. 1 என்பதை 7 என்று யந்திரம் படித்தாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. இச்சோதனைக்குக் கம்பியும் வேண்டாம், அலையும் வேண்டாம். ஊரிலுள்ள கருவியே செய்துவிடும்.

நாம் பரிந்துரைக்கும் முறை இதுதான். மனுவை முதலில் ஊர்க் கருவியிலேயே சேமிக்க வேண்டும். அப்போதே எண்ணும் நேரமும் அச்சிட்ட ரசீது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரசீதில் கண்ட நாளே மனுச் செய்த நாளாகக் கொள்ளப்பட வேண்டும். இதற்கு யந்திரம் போதாது, உத்தரவு வேண்டும். எழுத்துகள் கிடைத்த வழியில் உடனே போகட்டும். படங்கள் அலை நெரிசல் குறைந்த இரவில் போகட்டும். அறுந்த இடத்திலிருந்து தொடரும்படி செயலி அமைந்திருக்க வேண்டும். படம் நகரில் சேர்ந்ததென்று பதில் வரும்வரை தாளை அப்புறப்படுத்தக் கூடாது.

எந்த வழியும் வாய்க்காத நாள்களில் பஸ் இருக்கிறது. கர்நாடகத்தில் 2000-களின் தொடக்கத்தில் பஸ்ஸிலேயே ஒரு கம்பியில்லாக் கருவியைப் பொருத்தி, அது ஊருக்குள் வரும்போதெல்லாம் ஊர்க் கணிப்பொறியின் தகவலை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். நம் ஊராட்சிச் செயலர் செஞ்சிக்குப் போகும் நாளில் ஒரு பென்டிரைவில் அதே வேலையைச் செய்யலாம். ஆனால் அதில் உள்ளவை அனைத்தும் ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருக்க வேண்டும்; ஐந்நூறு குடும்பங்களின் விவரம் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.